பணிவழி ஆங்கில வகுப்பு

ஆங்கில வகுப்பில் 'பணி' என்பது ஒரு விடையைக் கண்டுபிடிப்பதற்காக மாணவர் செய்யும் வேலை. பேருந்து அட்டவணையைப் பார்த்து, எந்த வண்டியில் ஏறினால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்று சொல்வது பணி. 'லீவ்', 'லீவ்ஸ்' ஆகிய இரண்டில் பொருத்தமானதைக் கோடிட்ட இடத்தில் நிரப்புவது பயிற்சி. முதலாவதில் கவனம் முழுவதும் வண்டியின் மேலும் நேரத்தின் மேலும் இருக்கிறது. ஆங்கிலம் போகிற போக்கில் புழங்குகிறது. இரண்டாவதில் ஆங்கிலத்தைத் தவிர வேறு எதைப் பற்றியும் யோசிக்கத் தேவையில்லை. இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு: இலக்கணத்தைப் பார்க்காமலே விடை சரியா தவறா என்று சொல்ல முடிந்தால் அது பணி.

இந்த வேறுபாடு முக்கியமானது. பள்ளியில் பல ஆண்டு ஆங்கிலம் படித்து, இலக்கண வினாக்களுக்குச் சரியாக விடை எழுதும் மாணவர்கள்கூட, ஆங்கிலத்தில் யாராவது வழி கேட்டால் வாயடைத்து நிற்கிறார்கள். அவர்கள் ஆங்கிலத்தைப் பற்றி நிறையப் படித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தைக் கொண்டு ஒரு காரியத்தைச் செய்து முடித்த அனுபவம் அவர்களுக்கு வாய்க்கவில்லை. அந்த அனுபவத்தை வகுப்பறைக்குள்ளேயே தருவதுதான் பணிவழிக் கற்பித்தல்.

தமிழ்நாட்டின் தொடக்க வகுப்புகளில் அறிமுகமான செயல்வழிக் கற்றலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அட்டைகளும் ஏணிப்படிகளும் கொண்ட அந்த முறை எல்லாப் பாடங்களுக்கும் உரியது. பணிவழிக் கற்பித்தலோ இரண்டாம் மொழி எப்படி மனத்தில் படிகிறது என்ற கேள்வியிலிருந்து பிறந்தது.

முறை பிறந்த இடம்

இந்த முறை தென்னிந்தியாவிலேயே உருவானது. பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு, பெங்களூரிலுள்ள தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனத்தின் துணையோடு 1979 முதல் 1984 வரை ஒரு வகுப்பறைச் சோதனையை நடத்தினார். ஆங்கிலக் கல்வி உலகில் அது 'பெங்களூர்த் திட்டம்' என்று அறியப்படுகிறது. பெங்களூர், சென்னை உள்ளிட்ட ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில், கரும்பலகை, சுண்ணக்கட்டி, தாள், பென்சில் ஆகியவற்றை மட்டுமே வைத்துக்கொண்டு வகுப்புகள் நடந்தன.

அதற்கு முன் இப்பகுதியில் ஓங்கியிருந்தது வாக்கிய அமைப்பு முறை. எளிய வாக்கிய அமைப்பு முதலிலும் கடினமானது பின்னாலுமாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் வாய்மொழியாகச் சொல்லிக்காட்டி, திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது அதன் வழி. வகுப்பில் சரியாகச் சொன்ன வாக்கியத்தை மாணவர் வெளியே பயன்படுத்த முடியாமல் போவதைப் பிரபுவும் அவரோடு இருந்த ஆசிரியர்களும் கண்டார்கள். மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போதுதான் இலக்கணம் அறியாமலே உள்ளே பதிகிறது என்பது அவர்கள் வந்தடைந்த கருத்து. ஆகவே, பாடத்திட்டத்தில் வாக்கிய அமைப்புகளின் வரிசைக்குப் பதிலாகப் பணிகளின் வரிசை இடம்பெற்றது. இந்த அனுபவத்தைத் தொகுத்துப் பிரபு எழுதிய 'செகண்ட் லாங்குவேஜ் பெடகாஜி' 1987-இல் வெளியானது.

திட்டத்தை ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் மதிப்பிட்டு 1985-இல் எழுதினார்கள். வாக்கிய அமைப்பைச் சோதித்த தேர்வில் பழைய முறையில் படித்தவர்கள் மேலாக இருந்தார்கள்; பணியைச் சோதித்த தேர்வில் பணிவழி படித்தவர்கள் மேலாக இருந்தார்கள். இரு தரப்புக்கும் பொதுவாக வைத்த தேர்வுகளில் முடிவு பணிவழி வகுப்புகளுக்குச் சாதகமாக அமைந்தது. இதை ஓர் ஊக்கமாகக் கொள்ளலாம்; இறுதித் தீர்ப்பாகக் கொள்ளத் தேவையில்லை.

மூவகைப் பணிகள்

எந்தப் பணியிலும் தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியின் தன்மையைப் பொறுத்துப் பிரபு பணிகளை மூன்றாகப் பிரித்தார்.

தகவல் இடைவெளி: ஒருவரிடம் இருக்கும் செய்தி மற்றவரிடம் இல்லை. ஒரு மாணவர் கையிலுள்ள படத்தை விவரிக்க, மற்றவர் அதைக் கேட்டு வரைவது இந்த வகை. நடத்த எளிது, ஆனால் பேச்சு பெரும்பாலும் ஓரிரு சொல்லில் முடிந்துவிடும்.

தர்க்க இடைவெளி: தேவையான செய்தி எல்லாம் கண்முன்னே இருக்கிறது, அதிலிருந்து புதிய முடிவு ஒன்றை வருவிக்க வேண்டும். ஒவ்வொரு வகுப்பின் கால அட்டவணையையும் வைத்து, ஓர் ஆசிரியருக்கு உரிய கால அட்டவணையை உருவாக்குவது இதற்கு எடுத்துக்காட்டு.

கருத்து இடைவெளி: சொந்த விருப்பத்தையோ நிலைப்பாட்டையோ சொல்வது. முடியாத கதையை முடிப்பதும் ஊர்ப் பிரச்சினை ஒன்றை விவாதிப்பதும் இதில் அடங்கும்.

தொடக்க, நடுநிலை வகுப்புகளுக்குத் தர்க்க இடைவெளியே ஏற்றது. விடை இதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடிவதால், மொழி தடுமாறினாலும் 'நான் கண்டுபிடித்துவிட்டேன்' என்ற நிறைவு மாணவருக்குக் கிடைக்கிறது. அட்டவணையில் இருப்பதை அப்படியே வாசித்தால் போதாது. அதை மனத்தில் நிறுத்தி, கூட்டிக் கழித்து, காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. மொழி ஆழப் பதிவது அப்படி நிறுத்தி வைத்திருக்கும் வேளையில்தான். கருத்துப் பணிகளில் சரியான விடை என்று ஒன்று இல்லாததால், சொல்வளம் குறைந்தவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். அவற்றை மேல்வகுப்புகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பாடவேளையின் அமைப்பு

பணிவழிப் பாடவேளைக்கு மூன்று கட்டங்கள் உண்டு.

முன்பணி: ஆசிரியர் ஒரு பணியை முழு வகுப்போடும் சேர்ந்து கரும்பலகையில் செய்கிறார். வினா கேட்டு, விடை வாங்கி, அடுத்த வினாவுக்கு நகர்கிறார். பணிக்கு வேண்டிய சொற்களும் தொடர்களும் இங்கேயே காதில் விழுகின்றன. 40 நிமிடப் பாடவேளையில் இதற்கு ஏறக்குறைய பாதி நேரம் வேண்டும்.

பணி: அதே வகையான, ஆனால் புதிய பணி ஒன்றை மாணவர்கள் தனித்தனியே செய்கிறார்கள். ஆசிரியர் வரிசைகளுக்கிடையே நடந்து, திணறுபவருக்கு மட்டும் உதவுகிறார்.

மதிப்பீடு: விடைகளை ஆசிரியர் சரிபார்க்கிறார். மதிப்பெண் விடையின் பொருளுக்கு மட்டுமே. எழுத்துப்பிழைக்கும் இலக்கணப் பிழைக்கும் குறைப்பதில்லை. இது உறுதியாகக் கடைப்பிடிக்க வேண்டிய விதி. ஒருமுறை இலக்கணத்துக்காக மதிப்பெண் குறைத்தாலும் அடுத்த பணியில் மாணவரின் கவனம் மீண்டும் பிழையஞ்சிச் சுருங்கிவிடும்.

ஒரு பாடவேளை, அருகிலிருந்து

ஏழாம் வகுப்பில், பேருந்து நேரம் பற்றிய ஒரு பணியை இங்கே காணலாம். நேரங்கள் வகுப்புக்காக உருவாக்கப்பட்டவை. ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவது:

பேருந்து 1: விழுப்புரம் 6:00, திண்டிவனம் 6:50, செங்கல்பட்டு 8:00, தாம்பரம் 8:40
பேருந்து 2: விழுப்புரம் 7:15, திண்டிவனம் 8:00, செங்கல்பட்டில் நிற்காது, தாம்பரம் 9:30
பேருந்து 3: விழுப்புரம் 8:30, திண்டிவனம் 9:20, செங்கல்பட்டு 10:30, தாம்பரம் 11:10

முதல் வினாக்கள் அட்டவணையைப் பார்த்ததும் சொல்லக்கூடியவை. "வென் டஸ் தி ஃபர்ஸ்ட் பஸ் லீவ் விழுப்புரம்?" என்று ஆசிரியர் கேட்கிறார். "சிக்ஸ்" என்று ஒரு குரல் வருகிறது. "யெஸ், இட் லீவ்ஸ் அட் சிக்ஸ்" என்று ஆசிரியர் ஏற்றுக்கொள்கிறார். முழு வாக்கியத்தில் சொல் என்று வற்புறுத்துவதில்லை. அடுத்து, கணக்குப் போட வேண்டிய வினாக்கள்: முதல் பேருந்து தாம்பரம் போய்ச்சேர எவ்வளவு நேரம்? இரண்டாவதற்கு எவ்வளவு? எது வேகமானது? 2 மணி 40 நிமிடத்தையும் 2 மணி 15 நிமிடத்தையும் ஒப்பிட்டதும் 'ஃபாஸ்டர்' என்ற சொல் தானாகத் தேவைப்படுகிறது. தேவைப்படும் நேரத்தில் ஆசிரியர் அதைத் தருகிறார்.

இனி முடிச்சு. ராஜா திண்டிவனத்தில் இருக்கிறார். தாம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் 10 மணிக்கு இருக்க வேண்டும். இறங்கிய பின் 15 நிமிடம் நடக்க வேண்டும். அவர் ஏறக்கூடிய கடைசிப் பேருந்து எது? இரண்டாவது பேருந்தில் போனால் 9:45-க்கு அலுவலகத்தில் இருப்பார் என்று வகுப்பு கணக்கிடுகிறது. உடனே ஆசிரியர் நிபந்தனையை மாற்றுகிறார்: வழியில் செங்கல்பட்டில் இறங்கி, தங்கையை அரை மணி நேரம் பார்த்துவிட்டுப் போக முடியுமா? வகுப்பில் சலசலப்பு எழுகிறது. முதல் பேருந்தில் போனால் 8 மணிக்குச் செங்கல்பட்டில் இறங்கலாம் என்கிறார் ஒருவர். இன்னொருவர் எழுந்து, "செகண்ட் பஸ் நோ ஸ்டாப் செங்கல்பட்டு" என்கிறார். "ரைட், இட் டஸ் நாட் ஸ்டாப் அட் செங்கல்பட்டு. ஸோ விச் பஸ் கேன் ஹி டேக் நெக்ஸ்ட்?" மூன்றாவது பேருந்து செங்கல்பட்டுக்கே 10:30-க்குத்தான் வரும், ஆகவே முடியாது. 'பிகாஸ்' என்ற சொல்லோடு காரணம் சொல்ல மாணவர்கள் முண்டியடிப்பது இந்த இடத்தில்தான்.

பின்னர் தனிப்பணி: மீனாவின் வீடு விழுப்புரத்தில். வீட்டிலிருந்து பேருந்து நிலையம் 15 நிமிட நடை. செங்கல்பட்டு மருத்துவமனையில் 11 மணிக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அங்கே நிலையத்திலிருந்து 20 நிமிட நடை. அவர் ஏறக்கூடிய கடைசிப் பேருந்து எது? வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? மருத்துவமனையில் எத்தனை நிமிடம் காத்திருப்பார்? ஏன் இரண்டாவது பேருந்தில் போகக் கூடாது? மூன்றாவது பேருந்து, 8:15, 10 நிமிடம், அது செங்கல்பட்டில் நிற்காது ஆகிய நான்கும் விடைகள். வினாக்கள் தாளில் ஆங்கிலத்தில் இருக்கும், விடைகளும் ஆங்கிலத்தில்.

கடினத்தின் அளவு

பணி மிக எளிதாக இருந்தால் மனம் ஈடுபடாது. மிகக் கடினமாக இருந்தால் விலகிவிடும். பிரபு ஒரு நடைமுறை அளவுகோலைத் தந்தார்: வகுப்பில் குறைந்தது பாதிப் பேர், பணியில் குறைந்தது பாதியைச் சரியாகச் செய்திருந்தால் அந்தப் பணி அளவானது. அதற்குக் கீழே போனால் அடுத்த நாள் அதே வகையில் எளிதான பணி. எல்லோரும் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டால் கடினமானது. நாளைய பாடத்தை இன்றைய விடைத்தாள்கள் தீர்மானிக்கின்றன.

கடினத்தைக் கூட்டக் குறைக்கச் சில வழிகள்:

தகவலின் அளவு. மூன்று பேருந்துக்குப் பதில் ஐந்து என்றால் தேடல் நீளும்.
படிகளின் எண்ணிக்கை. நடக்கும் நேரத்தைச் சேர்த்தால் ஒரு படி கூடும். இடையில் இறங்கச் சொன்னால் இன்னொரு படி.
துல்லியம். 'காலையில்' என்ற விடைக்கும் '8:15' என்ற விடைக்கும் வேறுபாடு பெரிது.
பழக்கம். பேருந்து, சந்தை, பள்ளிக்கூடம் போன்றவை மாணவருக்குத் தெரிந்த உலகம். விமான நிலையம் பலருக்கும் தெரியாத உலகம்.
வடிவம். எண்களும் படங்களும் எளிது. பத்தியாக எழுதிய செய்தி கடினம். நேரில் இல்லாத ஒரு சூழலைக் கற்பனை செய்வது மேலும் கடினம்.

ஆண்டு முழுவதற்கும் பணிகளை இந்த ஒழுங்கில் அடுக்கலாம். முதலில் ஆசிரியர் சொல்லச் சொல்ல வடிவங்கள் வரைதல், கடிகாரம், நாட்காட்டி. பிறகு வரைபடம், வகுப்புக் கால அட்டவணை, பயண நேரம். அதன் பின் விலைப்பட்டியல், வயதும் பிறந்த ஆண்டும், தூரம். இறுதியில் விதிகளைப் படித்து ஒருவருக்கு அவை பொருந்துமா என்று முடிவு செய்தல், கதைகளிலிருந்து காரணம் காணுதல். ஒரே வகைப் பணியை அடுத்தடுத்து மூன்று நான்கு நாள் தருவது நல்லது. சூழல் பழகப் பழக, மாணவரின் மனத்தில் மொழிக்குக் கூடுதல் இடம் கிடைக்கிறது.

ஆசிரியரின் ஆங்கிலமும் மாணவரின் தமிழும்

ஆசிரியர் பேசும் ஆங்கிலம்தான் பெரும்பாலான மாணவருக்குக் கிடைக்கும் ஒரே உயிருள்ள ஆங்கிலம். அது எளிமையாக இருக்க வேண்டும். ஆனால் ஒடித்துப் பேசிய ஆங்கிலமாக இருக்கக் கூடாது. புரியவில்லை என்றால் அதையே வேறுவிதமாகச் சொல்லலாம், அட்டவணையைச் சுட்டிக்காட்டலாம், இரண்டு விடைகளைத் தந்து தெரிவு செய்யச் சொல்லலாம். குழந்தையிடம் பெரியவர்கள் பேசும்போது இயல்பாகச் செய்வதும் இதுவே.

தமிழுக்குத் தடை தேவையில்லை. யோசிக்கும்போது மாணவர்கள் தமிழில் பேசிக்கொள்வது இயல்பு. பணி அவர்களைப் பிடித்துக்கொண்டதற்கு அது அடையாளம். தமிழில் விடை வந்தாலும் ஆசிரியர் அதை ஏற்று, ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லலாம். ஒரு சொல் பணிக்கு முட்டுக்கட்டையானால் அதன் தமிழ்ப் பொருளைச் சொல்லிவிட்டு நகர்வதே சிக்கனம். ஆனால் வினா, விளக்கம், எழுதும் விடை மூன்றும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்.

பெங்களூர்த் திட்டத்தில் குழுப்பணி தவிர்க்கப்பட்டது. தொடக்க நிலையில் மாணவர்கள் தங்களுக்குள் பேசும் பிழையான ஆங்கிலம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் படிந்துவிடும் என்பது பிரபுவின் கவலை. பின்னால் வந்தவர்கள் இருவர் சேர்ந்து செய்யும் பணிகளை விரும்பிச் சேர்த்தார்கள். முதல் சில மாதங்கள் முழு வகுப்பும் தனிப்பணியும், ஓரளவு சரளம் வந்த பின் இருவர் பணி என்ற வரிசை பொருந்தும்.

பிழையும் இலக்கணமும்

பணியின் நடுவே பிழை திருத்தும் முறை மேலே கண்ட வகுப்பிலேயே இருக்கிறது. 'நோ ஸ்டாப்' என்றதற்கு 'இட் டஸ் நாட் ஸ்டாப்' என்று சரியான வடிவத்தைத் தன் பேச்சிலேயே சேர்த்துவிட்டு ஆசிரியர் அடுத்த வினாவுக்குப் போகிறார். விதி விளக்குவதில்லை, திரும்பச் சொல்லச் சொல்வதுமில்லை. அந்த நேரத்தில் மாணவருக்குத் தேவை தன் கருத்து ஏற்கப்பட்டதா என்ற விடை. சரியான வடிவம் அந்த விடையோடு சேர்ந்தே வந்துவிடுகிறது.

இதனால் இலக்கணம் கைவிடப்படுகிறது என்று பொருளல்ல. ஜேன் வில்லிஸ் 1996-இல் வெளியிட்ட நூலில் பணி முடிந்த பின் மொழியைக் கவனிக்கும் கட்டம் ஒன்றைச் சேர்த்தார். தமிழ்நாட்டு வகுப்புகளுக்கு அது மிகவும் பயன்படும். பேருந்துப் பணி முடிந்த மறுநாள், விடைத்தாள்களில் அதிகம் கண்ட ஒரு பிழையை மட்டும் எடுத்துப் பத்து நிமிடம் பேசலாம். தமிழில் 'பேருந்து நிற்காது' என்று வினைச்சொல்லுக்குள்ளேயே எதிர்மறை அடங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'டஸ் நாட்' என்று தனித்து நிற்கிறது. மாணவர்கள் தாங்களே எழுதிய வாக்கியங்களில் இதைப் பார்க்கும்போது விதி அவர்களுக்குப் புரிகிறது. பயன்படுத்த முயன்ற பிறகு வரும் விளக்கம், முயலும் முன் வரும் விளக்கத்தைவிட ஆழமாக இறங்கும்.

பாடநூல், பெரிய வகுப்பு, தேர்வு

பாடநூலை ஒதுக்கிவிட்டு இந்த முறையை நடத்த எந்தப் பள்ளியிலும் முடியாது; ஒதுக்கவும் வேண்டாம். வாரத்தில் இரண்டு பாடவேளை பணிக்கு என்று வைத்துத் தொடங்கலாம். பாடநூலின் உரைநடைப் பகுதியையே பணியாக மாற்றவும் வழியுண்டு. பாத்திரங்கள் எந்த வரிசையில் எங்கே போனார்கள் என்று வரைபடம் போடச் சொல்லலாம். நிகழ்ச்சிகளைக் காலவரிசையில் அடுக்கச் சொல்லலாம். ஒருவர் வேறு முடிவெடுத்திருந்தால் எது நடந்திருக்காது என்று காரணத்தோடு கேட்கலாம். மூன்றுக்கும் மாணவர் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தே ஆக வேண்டும்.

பெரிய வகுப்பு இந்த முறைக்குத் தடையல்ல. முன்பணி முழு வகுப்புக்கும் பொதுவானது. தனிப்பணி அமைதியாக நடப்பது. வாய் திறக்காத மாணவரும் கேட்டுக்கொண்டும் கணக்கிட்டுக்கொண்டும் இருப்பதால் பாடத்துக்குள்தான் இருக்கிறார். பேசும்படி அவரை அவசரப்படுத்த வேண்டாம். புரிதல் எப்போதும் பேச்சுக்கு முன்னால் போகும். விடைத்தாள் திருத்துவதில் சுமை குறைய, விடைகள் ஓரிரு வரியில் முடியும்படி வினாக்களை அமைப்பதும், மாணவர்கள் தாளை மாற்றிக்கொண்டு கரும்பலகை விடைகளோடு சரிபார்ப்பதும் உதவும்.

பொதுத்தேர்வு இலக்கணத்தையும் கட்டுரையையும் கேட்கிறது. ஆகவே ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பணிகளின் பங்கைக் குறைத்து, தேர்வுப் பயிற்சியைக் கூட்டுவது நியாயமானது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளே இந்த முறைக்கு மிக உகந்த காலம்.

முன்னேற்றத்தைப் பதிவு செய்தல்

ஒவ்வொரு பணிக்கும் ஒரு வரியாக ஆசிரியர் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வது அவசியம். பணியின் பெயர், பாதிக்கு மேல் சரியாகச் செய்தவர்கள் எத்தனை பேர், வகுப்பைத் திணற வைத்த இடம், அடுத்த பணியில் செய்ய வேண்டிய மாற்றம் ஆகிய நான்கும் அதில் போதும். பருவத்துக்கு ஒருமுறை, முதல் மாதத்தில் தந்த பணிக்கு நிகரான ஒன்றைப் புதிய விவரங்களோடு தந்து பார்க்கலாம். முன்பணியில் ஆசிரியர் கேட்க வேண்டியிருந்த துணைவினாக்கள் குறைந்திருக்கின்றனவா, ஒற்றைச் சொல் விடைகள் தொடர்களாக நீண்டிருக்கின்றனவா, மாணவர்கள் தாமாகவே ஆங்கிலத்தில் ஐயம் கேட்கிறார்களா என்று கவனிக்க வேண்டும். இந்த மூன்றும் நிகழ்ந்திருந்தால் வகுப்பு சரியான பாதையில் போகிறது. நிகழவில்லை என்றால் குறிப்பேட்டில் பாதி அளவுகோலை எட்டாத பணிகளை எடுத்து, அவற்றுக்கு ஒரு படி கீழிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.